ஆணி அடித்த மரம்

கிரிவலப் பாதையில் எந்த மரத்தில் எது குடியிருக்கிறது என்பது ஆயாவுக்கு அத்துப்படி. மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் என்றால், அவள் கணக்கில் இன்னொரு வரிசையும் உண்டு. இந்த மரத்தில் முனி, அதற்கடுத்ததில் கிணற்றில் விழுந்து செத்தவள், அதற்கும் அப்பால் பெயர் சொல்லக்கூடாத ஒன்று. எல்லாமே புளியமரங்கள். வேம்பு மாரியம்மனுக்கு, அரசு பிள்ளையாருக்கு, பெரிய கோயிலுக்குள் இருக்கும் மகிழமரம் அண்ணாமலையாருக்கே தல விருட்சம். பேய்களுக்கு மிச்சமிருந்தது புளிதான், பாவம்.

எங்கள் தெருக்கோடியிலும் ஒன்று நின்றது. “உச்சிப்போதுல புளியமரத்தாண்ட போவாதடா” என்று ஆயா சொல்லாத நாளில்லை. போகாமல் எப்படி இருப்பது? ஆள் உயரத்துக்குப் பட்டை முழுக்க ஆணி. பேயோட்டுகிற பூசாரி, ஆடுகிறவளின் உச்சிமயிரில் ஒரு கொத்தைப் பிடித்து மரத்தோடு வைத்து ஆணி அடிப்பார். பிறகு மயிரை அறுத்துவிடுவார். பேய் மரத்தோடு நின்றுவிடும், அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அடைமழையில் அந்த மயிர்க்கற்றைகள் நனைந்து பட்டையோடு ஒட்டிக் கிடக்கும். பழைய ஆணிகளை மரம் மெல்ல விழுங்கிவிட்டிருக்கும், தலை மட்டும் மச்சம் போலத் தெரியும். விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓடிவருவதுதான் எங்களுக்குள் வீரம்.

நோட்டு லேபிளில் ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்று இடம் போதாமல் நெருக்கி எழுதிய காலம் அது. வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் பிரிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் வீடு ரமண நகரில். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகுதான் மாடிக்கு வாடகை கேட்டு வருவார்கள். அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஐப்பசியிலேயே வந்துவிட்டார். கொஞ்சம் தமிழ் பேசுவார். தெருப் பிள்ளைகள் எல்லாரும் அவர் அறையில்தான் கிடப்போம்.

அக்டோபர் 31. பள்ளியில் இந்திரா காந்தி நினைவு நாள். கையை நீட்டி ஒருமைப்பாட்டு உறுதிமொழி எடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்தால், வெள்ளைக்காரம்மா தரையில் பெரிய காக்கித் தாளை விரித்து வைத்துக்கொண்டு, இன்றைக்குப் பேய் மரம் வரையலாம் என்கிறார். அவர் ஊரில் இன்று ராத்திரி பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்களாம். மரத்தில் பரங்கிக்காய் தொங்குமாம், அதைக் குடைந்து கண், மூக்கு, பல் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம்.

“திருஷ்டிப் பூசணிம்மா!” என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். புது வீட்டு வாசலில் மீசையும் கோரைப்பல்லுமாகத் தொங்குவதுதானே. ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணியின் குங்குமக்கறை எதிர்வீட்டு வாசலில் அப்போதும் போகவில்லை. அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்தவர்கள் அமெரிக்கா போனதும் பரங்கிக்கு மாறினார்கள், அப்படிப் பரங்கிக்காய் தொங்கும் மரத்தை வைத்து ரே பிராட்பரி 1972-இல் ஒரு நாவலே எழுதினார் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டவை.

வரையக் கரி கேட்டார். கரிக்கா பஞ்சம்? கார்த்திகை தீபத்துக்கு மாவளி சுற்றவென்று, ஆண்பனையின் பூவைக் குழியில் போட்டு எரித்து மண்ணால் மூடிக் கரியாக்கி வைத்திருந்தோம். அதைப் பொடித்துப் பழந்துணியில் இறுகக் கட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கயிறு கோத்து, நெருப்பு வைத்துச் சுழற்றினால் பொறி பறக்கும். பொடிக்காத கரியில் ஒரு கொத்து மாடிக்குப் போனது. வெள்ளைக்காரம்மா அதைப் படுக்கவைத்து இழுத்தார், அடிமரம் வந்துவிட்டது. கவட்டை போட்டார். ஒவ்வொரு கிளையிலும் அதைவிடச் சிறிய கவட்டை, அதிலும் இன்னொன்று, நுனி போகப்போக நகக்கீறல் அளவுக்கு. வேர்களை விரலாக வளைத்தார். இரண்டு பொந்து, கண்கள். நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது. பின்னால் நிலாவும் மலையும் வேண்டும் என்று நாங்கள் அடம்பிடித்துப் போட்டோம். மலை இல்லாமல் எந்தப் படமும் எங்களுக்கு முடியாது.

பிறகுதான் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: “இலை எங்கம்மா?”

இலை கிடையாது, மொட்டை மரம்தான் பேய் மரம் என்றார். அவர் ஊரில் அந்த மாதம் இலையெல்லாம் உதிர்ந்துவிடும். நாங்கள் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் மொட்டை மரம் என்றால் விறகு, அவ்வளவுதான். ஐப்பசி மழையில் புளி அடர்ந்து, பகலிலேயே உள்ளே இருட்டாக இருக்கும். அந்த இருட்டைப் பார்த்துத்தான் பயம். “இலை இல்லன்னா பேய் எங்கம்மா உக்காரும்? தெருவே பாக்காதா?” அவருக்குப் பதில் இல்லை. சிரித்துக்கொண்டே கரியை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண்ணே ஓடிப்போய் ஆணி மரத்தில் இரண்டு கொத்து ஒடித்து வந்தாள், எங்களில் எவனுக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. பொழுது சாய்ந்துவிட்டதால் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் விரித்து, பிரில் மையில் தோய்த்துத் தாளில் ஒற்றினோம். ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக இலை விழுந்து கிளையெல்லாம் மறைந்தது. ஆணிக்குக் குண்டூசி குத்தினோம். மயிர்? பாத்திரக்காரனுக்குப் போடவென்று அம்மா சுருட்டிச் சேர்த்துவைத்த சிக்குமயிரில் கொஞ்சம் திருடி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். வெள்ளைக்காரம்மா முகம் சுளித்தது அப்போதுதான்.

படத்தைக் கீழே கொண்டுவந்தால் ஆயா வாசற்படியிலேயே மறித்துவிட்டாள். “ஊட்டுக்குள்ள கொண்டாரக்கூடாது. வெளியவே மாட்டு.” மயிரைத் தொட்டுப் பார்த்தாள். ஆணி இன்னும் மேலே இருக்க வேண்டும் என்றாள். விபூதியைக் குழைத்து அடிமரத்தில் மூன்று கோடு இழுத்தாள், அது இறங்கி வந்துவிடாமல் இருக்க.

எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். மாசி மாதம் ஏலம் எடுத்தவனின் ஆட்கள் அதே மரத்தில் ஏறி, கிளை கிளையாக உலுக்கிப் புளி உதிர்ப்பார்கள். ஒருத்தனையும் எதுவும் பிடித்ததில்லை. “அப்போ மட்டும் பேய் எங்க ஆயா போவும்?”

ஆயா யோசிக்கவே இல்லை. “மேல்மலையனூருக்குடா. மயானக்கொள்ளைக்குப் போவ வேணாமா அதுங்க?”