படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே

புனேயின் ஆய்வு நிறுவனம் ஒன்றில், ஆய்வேடுகள் சமர்ப்பிக்கும் வாரத்தில், இயங்குதளம் மேம்படுத்தப்பட்டது. மறுநாள் எவராலும் கணினிக்குள் நுழைய இயலவில்லை. பயனர் கணக்குகளைக் காக்கும் ஓப்பன்எல்டாப் அடைவுச் சேவையகம் தொடங்க மறுத்தது.

ஆய்வு மாணவர் ஒருவர் பிழைப்பதிவைப் படித்தார். கோப்புகள் சிதையவில்லை, அனுமதிகளிலும் குறையில்லை. 2021இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பு, பெர்க்லி தரவுத்தளத்துக்கான ஆதரவையே நீக்கிவிட்டது. தரவு முழுமையாக இருந்தது. அதைப் படிக்கும் மென்பொருள்தான் போய்விட்டது. மேம்படுத்தும் முன்பே 'ஸ்லாப்கேட்' கட்டளையால் தரவை எளிய உரையாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நல்வேளையாக, பழைய வட்டின் காப்புப்படி இருந்தது. அவர் வேறொரு கணினியில் 2.4ஆம் பதிப்பை நிறுவி, தரவை உரையாக்கினார். அமைப்பில் தரவுத்தள வகையை எல்எம்டிபிக்கு மாற்றி, 'ஸ்லாப்ஆட்' கட்டளையால் உரையை ஏற்றி, கோப்புகளின் உரிமையைச் சேவைக் கணக்குக்கு அளித்தார். சேவையகம் இயங்கியது.

அதே நகரின் பேஷ்வா தப்தரில் மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக்கட்டாக உள்ளன. தாள்கள் இருக்கின்றன, படிப்போர் அருகிவிட்டனர். காப்பது என்பது பொருளைப் பூட்டி வைப்பதன்று. படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே பெயர்த்தெழுதி வைப்பது. அப்பணிக்குரிய காலம் மேம்பாட்டுக்கு முந்தைய நாள், பிந்தைய நாளன்று.