ஒரு தேதி தொலைந்த கதை

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

"ஏம்பா, காலேஜில் கணக்குப் படிக்கிறாய். வீட்டில் மடிக்கணினி வேறு இருக்கிறது. இன்னும் எதற்கு இந்தப் பழைய நோட்டு?"

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் படித்த பள்ளியின் வேப்பமரத்தடியில் சாரண ஆசிரியர் என்னிடம் இப்படிக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பாராட்டுப் போல இனித்தது. கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்து ஓராண்டு லேத் பட்டறையில் நின்றுவிட்டு வந்தவனை ஒருவர் "உனக்குத் தெரியாததா" என்று கேட்டால் எப்படி இருக்கும்? "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று நோட்டை வாங்கிக்கொண்டேன். இங்கே நம் கல்லூரியில் நான் திரி சாரணன். வெள்ளிக்கிழமைகளில் பழைய பள்ளிக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம்.

சாரணர் என்றால் காக்கி உடை, கழுத்தில் துணி, குடியரசு தினத்தில் அணிவகுப்பு என்ற அளவில் அறிந்த நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒரு பையன் படிப்படியாக ஏறுகிறான். முதலில் பிரவேஷ். பிறகு பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான். அதற்கும் மேலே ஆளுநர் விருது என்று நாம் சொல்லும் ராஜ்ய புரஸ்கார். உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குறைந்தது இத்தனை மாதம் கழிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எந்தப் பையன் எந்தத் தேதியில் எந்தப் படி ஏறினான் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ரயில்வேயில் சாரணர்களுக்கென்றே சில வேலையிடங்கள் ஒதுக்கப்படுவதுண்டு. எங்கள் ஊரில் அதை அறியாத தகப்பன் இல்லை.

இரண்டு இரவுகளில் நோட்டு முழுவதையும் கைப்பேசியில் இருந்த ஒரு விரிதாள் செயலியில் தட்டிவிட்டேன். முப்பத்தோரு பையன்கள், நான்கு அணிகள். தட்டி முடித்துப் பார்த்தால் தேதிப் பத்தியில் ஓர் அழகுக்குறை. சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன, சில வலப்பக்கம் ஒட்டி நின்றன. பிள்ளைகள் வரிசை கலைந்து நிற்பது போல இருந்தது. எல்லாவற்றையும் நடுவில் நிற்கச் செய்தேன். வரிசை ஒழுங்காயிற்று. இனி எதற்கு என்று நோட்டைப் பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டேன். எனக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

2025 ஜூலையில் ராஜ்ய புரஸ்காருக்கு ஒன்பது விண்ணப்பங்கள் நிரப்பினோம். மாதத்தை எழுத்தால் குறிக்க வேண்டும் என்றார்கள். செயலியில் ஒரு பொத்தானை அமுக்கினால் மாதம் எழுத்தாக மாறும். மாறாதவற்றைக் கையால் மாற்றினேன். இரவு மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சில தேதிகள் ஏன் மாறவில்லை என்று அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பத்து நாளில் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தது. புலி அணித் தலைவனுடையது. "கால இடைவெளி போதாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பிரதம சோபான் 16 டிசம்பர் 2022, துவிதீய சோபான் 11 மார்ச் 2023 என்று நான் எழுதியிருந்தேன். மூன்று மாதம்கூட இல்லை. அந்தப் பையன் துவிதீய சோபான் முடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு ஒரு வாரம் முந்திய வெள்ளிக்கிழமை. 2023 நவம்பர் 3.

விஷயம் இதுதான். நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுகிறோம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். செயலி அமெரிக்க வழக்கத்தில் இருந்தது. 03/11 என்று நான் தட்டியதை மார்ச் 11 என்று அது படித்துக்கொண்டது. 16/12 என்று தட்டியபோது பதினாறாவது மாதம் உலகத்தில் இல்லையாதலால், இது தேதியே அல்ல, ஏதோ எழுத்து என்று அப்படியே விட்டுவிட்டது. எழுத்து இடப்பக்கம் நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். அந்த வரிசைக் குலைவுதான் எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை. அதைத்தான் நான் அழகுபடுத்தி அழித்தேன்.

கணித மாணவர்களுக்கு ஒரு செய்தி. விரிதாள்கள் தேதியைத் தேதியாக வைத்திருப்பதில்லை. 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிவந்த ஒரு நாள்கணக்காக வைத்திருக்கின்றன. எக்செல்லின் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று நடக்காத நாள் ஒன்றும் உண்டு. லோட்டஸ் என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 2023 நவம்பர் 3 என்பது 45233. மார்ச் 11 என்பது 44996. கழித்துப் பாருங்கள், 237. ஒரு பையனின் 237 நாள்களை நான் ஒரு விரல் தட்டில் விழுங்கியிருந்தேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிழை எங்கே என்று தெரிந்ததும் எல்லாப் பையன்களின் தேதிகளையும் அரைமணி நேரத்தில் திருத்திவிட்டேன். தலைகீழானவை எவை, ஆகாதவை எவை என்பது ஐயமறத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் கேட்டது கணக்கு அல்ல, மூலப் பதிவேடு. அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. உண்மை என்னிடம் இருந்தது. அதைக் காட்டும் காகிதம் காயலான் கடைக்குப் போய்விட்டது. பையன் தன் சொந்த நாட்குறிப்பில் ஆசிரியர் கையொப்பத்தோடு அந்தத் தேதியை எழுதிவைத்திருந்தான். அது அவன் பாட்டி ஊரில், பரணில் இருந்தது. தேடி எடுத்துவருவதற்குள் தேர்வு முகாம் முடிந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சாயங்காலம் வருகைப் பதிவில் தன் பெயருக்கு நேரே குறி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் மண்வெட்டியைத் தோளில் வைக்கமாட்டாள். "அங்க கோடு விழலைன்னா நீ அன்னிக்கு வெயில்ல நிக்கவே இல்லைன்னு அர்த்தம்டா. அந்தப் புள்ளையும் நின்னுச்சுல்ல?" என்றாள். திட்டவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். சாரணர் படையின் பதிவுகளுக்கு எந்த மென்பொருள் தகும் என்று ஒரு மாதம் தேடினேன்.

வெளிநாட்டில் இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. பிரிட்டனில் ஆன்லைன் ஸ்கவுட் மேனேஜர், அமெரிக்காவில் ஸ்கவுட்புக். வருகை, சந்தா, முகாம், சின்னங்கள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அவை அந்தந்த நாட்டு இயக்கத்தின் படிகளுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்கப் பையன் ஸ்கவுட் என்ற படியில் தொடங்கி ஈகிள் வரை ஏறுகிறான்; நம் சோபான்களை அங்கே எங்கே பொருத்துவது? தேசியத் தலைமையகத்தின் இணையவழிப் பதிவு, உறுப்பினராக்குவதற்கு. அதை எப்படியும் செய்யத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை யார் வந்தான், யார் எந்த முடிச்சில் தேறினான் என்பது படைக்குள் நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

பெயர் விவகாரம் தனிக்கதை. பொதுவான சில உறுப்பினர் செயலிகளை முயன்று பார்த்தேன். முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்டு நின்றன. எங்கள் பையன்களுக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்து. கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது. முப்பத்தோரு பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயர் புள்ளி! சிரிப்பு வந்தாலும் எனக்கு இது விளையாட்டாகப் படவில்லை. என் அப்பாவின் பெயர் மூன்று அட்டைகளில் மூன்று விதமாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய நான் அலைந்த நாள்களில் ஒரு கோட்டைச் சுவரே கட்டியிருக்கலாம்.

கணிப்பொறி அறிவியல் படிக்கும் நண்பன், "நானே ஒரு செயலி எழுதித் தருகிறேன்" என்றான். நல்லவன், கெட்டிக்காரன். "2027-இல் நீ வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அது நின்றுபோனால் யார் பார்ப்பது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

இதே கேள்விக்குப் பழைய சான்று ஒன்றும் எங்கள் பள்ளியிலேயே இருந்தது. சாரணர் அறைப் பெட்டியில் கிடந்த ஒரு குறுந்தகட்டில் பழைய மாணவர்களின் பட்டியல். திறந்தால் ஒரே குப்பை. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடந்தது. அந்நாளைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அப்படித்தான் தெரியும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் ஆளுக்கொரு குறியாக்கம். அந்தப் பட்டியலில் இருந்த அண்ணன்மார் யாரோ, என்னென்ன விருது வாங்கினார்களோ!

ஆதார் எண், சாதி, குடும்ப வருமானம் ஆகியவற்றைக் கேட்ட ஒரு பழைய படிவத்தையும் அப்போதுதான் கவனித்துப் படித்தேன். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். முகாமில் ஒரு பையனுக்குத் தேள் கொட்டினால் அவன் இரத்த வகையும் அப்பாவின் தொலைபேசி எண்ணும் வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும். அவன் சாதி எதற்கு? அந்த மூன்று கட்டங்களையும் அடித்துவிட்டோம்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்ததைக் கேட்டால் கணிப்பொறித் துறை நண்பர்கள் சிரிப்பார்கள். 2018-இல் என் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. அக்காவைப் படிக்கவைக்க முடியவில்லை. மடிக்கணினி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அதில் காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் விரிதாள். பெயருக்கு ஒரே கட்டம். தேதிக்கு மூன்று கட்டங்கள்: நாள், மாதம், ஆண்டு. மாதத்தை எண்ணால் எழுதக்கூடாது, எழுத்தால் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்செடுத்து ஆசிரியர் கையொப்பத்தோடு கோப்பில் வைக்கிறோம்.

அத்தோடு நோட்டும் திரும்பி வந்துவிட்டது. 1907-இல் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை ஓநாய், காளை, காக்கை, கர்லூ என்று நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு பையன் பொறுப்பில் விட்டார். அந்த முறையைப் பின்பற்றும் நாங்கள் கணக்கை மட்டும் எதற்கு ஒரு கல்லூரி அண்ணனின் கைப்பேசிக்குள் பூட்டிவைத்தோம்? இப்போது அணிக்கொரு நோட்டு. மின்சாரம் இல்லாத மாலையிலும் வேப்பமரத்தடியில் எழுதலாம். ஒவ்வொருவனும் தன் பெயருக்கு நேரே விழுந்த குறியைப் பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும். இந்தக் கடைசி விதி எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

புலி அணித் தலைவன் இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தபின் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லண்ணா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான். இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டதால் வெள்ளிக்கிழமைகளில் அவன் பத்து நிமிடம்தான் வருகிறான். சென்ற வாரம் வந்து, அணி நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்குத் தேதி என்னண்ணா?" என்றான். "ஆறு, ரெண்டு" என்றேன் பழக்கதோஷத்தில். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, ‘பிப்ரவரி’ என்று எழுதினான்.