ஐந்தாம் நாளில் எறியும் கை

51,111,111 டாலர் 11 சென்ட். 2006 நவம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, ஜப்பானின் செய்பு லயன்ஸ் அணிக்கு ஏலத்தில் எழுதிக் கொடுத்த தொகை இது. பந்து எறியும் பிட்சரான டைசுகே மட்சுசாகாவோடு உட்கார்ந்து பேசும் உரிமைக்காக மட்டும் கொடுத்த பணம். அதில் ஒரு காசுகூட அவர் கைக்குப் போகவில்லை. பேசி முடித்த பிறகு அவருக்கு ஆறு ஆண்டுக்கு 5.2 கோடி டாலர் என்று தனி ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறிந்திராத 26 வயது இளைஞருக்காக, ஆக மொத்தம் பத்துக் கோடி டாலருக்கு மேல்.

அந்த வருடங்களில் வேலை நிமித்தமாக நான் பாஸ்டனில் இருந்தேன். பேஸ்பால் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ரயிலிலும் அலுவலகத்திலும் ஒரே கேள்விதான்: இவர் இங்கே ஜெயிப்பாரா? யாரும் பார்த்திராத "கைரோபால்" என்ற பந்தை அவர் எறிவார் என்று பத்திரிகைகள் படம் போட்டு விளக்கின. அப்படியொரு மாயப் பந்து அவர் கையில் இல்லை. நல்ல வேகப்பந்தும் நல்ல ஸ்லைடரும் அரை டஜன் மற்ற வகைகளும் இருந்தன. அதுவே ஒரு பிட்சருக்குப் பெரிய சொத்து. ஆனால் ஏலத் தொகைக்கு ஈடாக ஊருக்கு ஒரு அதிசயம் தேவைப்பட்டது.

2007 ஏப்ரல் 5 அன்று கேன்சஸ் சிட்டியில் அவருடைய முதல் ஆட்டம். ஏழு இன்னிங்ஸில் பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றி, ஒரே ஒரு ரன் கொடுத்தார். ஆறு நாள் கழித்து பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் சியாட்டிலுக்கு எதிராக எறிந்தார். எதிரே சியாட்டிலின் நட்சத்திர பேட்ஸ்மேன் இச்சிரோ. இரண்டு ஜப்பானியர் மோதும் காட்சிக்காக உலகமே வந்து குவிந்தது. இச்சிரோவை மட்சுசாகா நன்றாகவே அடக்கினார். ஆனால் அன்றைய ஆட்டத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ். வெனிசுவேலாவிலிருந்து வந்த 21 வயதுப் பையன், ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து பாஸ்டனைச் சுருட்டிவிட்டார். இந்த லீக் எப்படிப்பட்டது என்பதை எனக்குப் புரியவைத்த ஆட்டம் அது. எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும், எதிரணியிலும் அதே அளவு திறமையுள்ளவர் ஒருவர் இருப்பார்.

முதல் ஆண்டில் 15 வெற்றி, 12 தோல்வி, 201 ஸ்ட்ரைக் அவுட். அந்த அக்டோபரில் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை டென்வரில் எறிந்து வென்றார். பேட் பிடித்து இரண்டு ரன்னும் கொண்டுவந்தார். அந்த ஆண்டுக் கோப்பை பாஸ்டனுக்கு. அடுத்த ஆண்டு 18 வெற்றி, மூன்றே தோல்வி. அதன் பிறகு சரிவு, காயம், 2011-இல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2012-இல் பாஸ்டனை விட்டுப் போனபோது அங்கே அவருடைய மொத்தக் கணக்கு 50 வெற்றி, 37 தோல்வி. இவரைத்தான் இன்றும் பலர் "ஏமாற்றம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஐம்பது லட்சம் டாலருக்கு வந்த ஒருவர் முதல் இரண்டு ஆண்டில் 33 ஆட்டம் வென்று உலகத் தொடரிலும் ஜெயித்திருந்தால் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள்.

ஆனாலும் ஒரு கணக்கை மறைக்க முடியாது. பேஸ்பாலில் எறிந்த பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே நான்கு முறை போனால் பேட்ஸ்மேன் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போய்விடுவார். அதை வாக் என்கிறார்கள். ஜப்பானில் தன் கடைசி ஆண்டான 2006-இல் மட்சுசாகா 186 இன்னிங்ஸ் எறிந்து 34 வாக் மட்டுமே கொடுத்தார். 18 ஆட்டம் வென்ற 2008-இல் 167 இன்னிங்ஸுக்கு 94 வாக். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால்தான் அந்த அருமையான ஆண்டிலும் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு இன்னிங்ஸைக்கூட அவரால் தாண்ட முடியவில்லை. அதே கை, அதே மனிதர். நடுவில் என்ன நடந்தது?

முதலில் பந்து. சேப்பாக்கத்தில் எஸ்ஜி பந்தில் பழகியவன் இங்கிலாந்தில் டியூக்ஸ் பந்தைக் கையில் வாங்கும்போது விரல்களுக்கு எல்லாம் புதிதாக இருக்குமே, அதுபோலத்தான். ஜப்பானியப் பந்து சற்றுச் சிறியது, தோல் விரலோடு ஒட்டும். அமெரிக்கப் பந்து வழுக்கும். அந்த வழுக்கலைப் போக்கவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் டெலவேர் ஆற்றுப் பகுதிச் சேற்றைப் பூசித் தேய்க்கிறார்கள். பிட்சர் நின்று எறியும் மேடும் அமெரிக்காவில் இறுகிக் கெட்டியாக இருக்கும். கால் ஊன்றும் விதமே மாறிவிடும். பிறகு பேட்ஸ்மேன்கள். மேஜர் லீக்கில் ஏழாவதாக இறங்குபவரும் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பக்கூடியவர். அந்தப் பயம் வந்துவிட்டால் பிட்சர் ஓரங்களைத் தேடி எறிவார். ஓரத்தைத் தேடினால் வாக் கூடும். மட்சுசாகாவுக்கு நேர்ந்தது இதுதான் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கண்ணால் பார்த்தேன். அடிக்க முடியாத பந்துகள் அவரிடம் இருந்தும், நேராக எறிய அவர் தயங்கினார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் நாள்கணக்கில் இருக்கிறது. ஜப்பானில் ஒரு தொடக்க பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை எறிவார். திங்கட்கிழமை பெரும்பாலும் ஆட்டமே கிடையாது. அமெரிக்காவில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஐந்து பிட்சர்கள் மாறி மாறி எறிவதால் நான்கு நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் மறுபடி மேடை ஏற வேண்டும். பயிற்சி முறையும் நேரெதிர். ஆட்டங்களுக்கு இடையே நூறு பந்துக்கு மேல் எறிந்து கையைப் பதப்படுத்துவது மட்சுசாகாவின் பழக்கம். தோளில் இருக்கும் பந்துகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, பயிற்சியில் அவற்றை வீணாக்கக் கூடாது என்பது பாஸ்டனின் நம்பிக்கை. அவரைக் கட்டுப்படுத்தினார்கள். இந்தப் பயிற்சி தனக்கு ஒத்துவரவில்லை என்று 2009-இல் அவர் ஒரு ஜப்பானியப் பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொல்லி, அதுவும் பெரிய மனவருத்தத்தில் முடிந்தது. அவர் பக்கமும் தவறு உண்டு. அதே ஆண்டு உலக பேஸ்பால் கிளாசிக்கில் இடுப்புக் காயத்தை மறைத்துக்கொண்டு ஆடியதாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1998 ஆகஸ்டில், பள்ளி அணிகளின் கோஷியென் போட்டி. யோகோஹாமா பள்ளியின் மட்சுசாகாவுக்கு 17 வயது. ஆகஸ்ட் 20 அன்று காலிறுதியில் பிஎல் கக்குயென் அணிக்கு எதிராக 17 இன்னிங்ஸ், 250 பந்து, ஒற்றை ஆளாக எறிந்து முடித்தார். அதற்கு முந்தைய நாளும் முழு ஆட்டம் எறிந்திருந்தார். மறுநாள் அரையிறுதியில் கடைசி இன்னிங்ஸை எறிய மேடை ஏறினார். அதற்கும் மறுநாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்டைக்கூட விட்டுக்கொடுக்காமல் கோப்பையை வென்றார். ஜப்பான் அவரை நெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டது அன்றுதான். அந்த நான்கு நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் கோபமும் சேர்ந்தே வரும். ஒரு சிறுவனின் கையை இப்படிச் செலவழிக்க எந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லை. இப்போது வாரத்துக்கு 500 பந்துதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது 2020-இல்தான் வந்தது.

அப்படியானால் ஜப்பானியக் கை அமெரிக்காவில் தாங்காதா? தாங்கும் என்பதை ஹிடியோ நோமோ 1995-லேயே காட்டிவிட்டார். ஜப்பானில் கடைசி ஆண்டில் ஒரே ஆட்டத்தில் 16 வாக் கொடுத்து, 191 பந்து எறிந்து, அதையும் வென்றவர் அவர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டே 236 ஸ்ட்ரைக் அவுட், சிறந்த புதுமுக வீரர் விருது. பிறகு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத இரண்டு ஆட்டங்கள், மொத்தம் 123 வெற்றி. ஆனால் அவரிடம் யாரும் அதிசயம் கேட்கவில்லை. வேலைநிறுத்தத்தால் 1994 உலகத் தொடரே நின்றுபோய், ரசிகர்கள் வெறுப்பில் இருந்த காலம். முதுகைத் திருப்பிச் சுழன்று எறியும் ஒருவர் வந்து எல்லோரையும் மகிழ்வித்தார். கொடுத்ததெல்லாம் கொடையாகத் தெரிந்தது.

இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் யாங்கீஸுக்கு வந்த ஹிடேகி இராபுவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் ஆட்டத்திலேயே ஒன்பது ஸ்ட்ரைக் அவுட்டோடு வென்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. பின்னர் ஆட்டம் தளர்ந்தபோது அணியின் உரிமையாளரே அவர் உடலைக் கேலி செய்து பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசினார். 34 வெற்றி, 35 தோல்வி. 2011-இல், 42 வயதில், கலிபோர்னியாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் வேறு மொழி பேசும் நாட்டில், தன்னைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் தலைப்புச் செய்தியாகும் வாழ்க்கை எளிதானதல்ல.

இப்போது யோஷினொபு யாமமோட்டோவைப் பாருங்கள். மட்சுசாகா அந்த 250 பந்துகளை எறிவதற்குச் சரியாக மூன்று நாள் முன்னால், 1998 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் இவருக்கு 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் கொடுத்தது. சியோலில் நடந்த முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தார். "அவ்வளவுதான்" என்றார்கள் பலர். அந்த அணி பதறவில்லை. அவர் கனமான எடை தூக்குவதில்லை. ஈட்டி போன்ற ஒன்றை எறிந்தும் உடலை வில்லாக வளைத்தும் தயாராகிறவர். அந்த முறையை மாற்றச் சொல்லவில்லை. நான்கு நாள் ஓய்வில் எறி என்று நெருக்காமல், பெரும்பாலும் ஐந்து நாளோ அதற்கு மேலோ இடைவெளி கொடுத்தார்கள். 2025-இல் 12 வெற்றி, 201 ஸ்ட்ரைக் அவுட். டொராண்டோவுக்கு எதிரான உலகத் தொடரில் இரண்டாவது ஆட்டத்தை முழுவதும் எறிந்து வென்றார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து எறிந்து வென்றார். மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாம் இன்னிங்ஸில் இறங்கி, இன்னும் 34 பந்து எறிந்து கோப்பையையும் முடித்துக் கொடுத்தார். தொடர் நாயகனும் அவரே. ஓய்வில்லாமல் மேடை ஏறிய அந்தக் கடைசி இரவில் எனக்கு 1998-இன் மட்சுசாகா நினைவுக்கு வந்தார். ஆனால் இவர் 27 வயது மனிதர், ஆண்டு முழுக்கப் பாதுகாக்கப்பட்ட கையோடு, தன் விருப்பத்தோடு இறங்கியவர். அந்த வேறுபாடு எனக்கு மிகப் பெரியது.

கேள்வி இன்று ரோகி சசாகியிடம் வந்து நிற்கிறது. 2011 சுனாமியில் தந்தையையும் தாத்தா பாட்டியையும் இழந்த ரிகுசென்டகாட்டாப் பையன். பள்ளியிலேயே 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தவர். 2019 மாநில இறுதி ஆட்டத்தில், முந்தைய நாள் 129 பந்து எறிந்திருந்தார் என்பதால் அவர் பயிற்சியாளர் அவரை இறக்கவே இல்லை. அணி தோற்றது, கோஷியென் கைநழுவியது, பள்ளிக்கு வசைகள் குவிந்தன. எனக்கு அந்தப் பயிற்சியாளர் மேல் பெரும் மரியாதை உண்டு. 2022 ஏப்ரலில், 20 வயதில், 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு ஒருவரையும் தளத்தில் ஏறவிடாத பரிபூரண ஆட்டம் எறிந்தார் சசாகி. அந்தப் புகழோடுதான் 2025-இல் டாட்ஜர்ஸுக்கு வந்தார். முதல் சில மாதம் பந்து கட்டுக்குள் இல்லை, வாக் கூடியது, மே மாதம் தோள் வலி. செப்டம்பரில் திரும்பி வந்து அக்டோபரில் கடைசி இன்னிங்ஸ்களை எறிந்து, யாரும் எதிர்பாராத உறுதியைக் காட்டினார்.

வெறும் ஒரு சீசனை வைத்து இவரை எடைபோடுகிறவர்களிடம் என் வேண்டுகோள்: வேகத்தை விடுங்கள், வாக் எண்ணிக்கையையும் ஓய்வு நாள்களையும் கவனியுங்கள். அவசரப்படுத்தாத அணியில் இருக்கிறார், கெடுக்கப்படாத கையோடு வந்திருக்கிறார். சசாகி ஜெயிப்பார். அதற்கு மூன்று சீசன் ஆகும்.