புகார் சொன்ன சென்சார்

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் பைக்குகளுக்கு பிஎஸ்-6 விதி. என் வண்டி அதற்குப் பிறகு வந்தது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், மீட்டரில் மஞ்சள் விளக்கு. அந்த விளக்கு அணையவே இல்லை.

சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டினார்கள். பி0131. "சென்சார் போச்சு சார்." புதுசு போட்டு, கோடு எண்ணை அழித்தார்கள். நாலாம் நாள் மறுபடி விளக்கு. "இன்னொண்ணு போட்டுப் பாப்போம்" என்றார்கள். இயக்க வேலையா ஊரூரா அலையறவன்கிட்ட அதுக்குக் காசு ஏது?

எங்க தெரு மெக்கானிக் தம்பி வேறமாதிரி பேசினான். "அண்ணே, சென்சார் கெட்டுச்சுன்னா இது சொல்லுது? அங்கிருந்து வர்ற வோல்ட் கம்மின்னுதான் சொல்லுது. ஏன்னு நாமதான் தேடணும்."

நல்ல சென்சாரில் 0.1க்கும் 0.9க்கும் இடையே வோல்ட் ஏறி இறங்கும். மீட்டரை வைத்து ஒயரை ஆட்டினான்; பூஜ்யம். டேங்குக்கு அடியில் ஒயரின் உறை தேய்ந்து, செம்பு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி, உரசாத இடத்தில் கட்டினான். கோடு எண்ணை அழித்தான். விளக்கு திரும்ப எரியவில்லை.

கோடு என்பது புகார் மனு. விசாரணை அதற்குப் பிறகுதான். விசாரிக்காமலே, புகார் சொன்னவனைக் குற்றவாளியாக்கி வெளியே தூக்கிப் போட்டார்கள். நமக்கு இது புதுசா என்ன?