கூரை மேல் ஒரு கணக்கு

கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையில் சூரியசக்தித் தகடுகளைப் பொருத்த அப்பா எண்ணியபோது, முதல் தடை மாமாவிடமிருந்து வந்தது. பல்லாண்டு காலம் தொழிற்சாலை உலைகளோடு வாழ்ந்தவர் அவர்.

“தகட்டைச் செய்யவே எவ்வளவு மின்சாரம் போகிறது தெரியுமா? அது திரும்பி வருவதற்குள் தகடு பழசாகிவிடும், மச்சான்,” என்றார்.

மாமாவின் கேள்வி வீண்வம்பன்று. தகட்டின் உயிர் சிலிக்கன். குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து, மின் உலையில் ஏறத்தாழ 2,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காய்ச்சினால்தான் அது பிரியும். பின்னர் அதை வாயுவாக்கி, 1,000 பாகைக்கு மேல் சூடேறிய கம்பிகளின் மீது படியவைத்துத் தூய்மையாக்குவார்கள். மீண்டும் உருக்கிப் படிகமாக்கி, மெல்லிய வில்லைகளாக அறுப்பார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சிலிக்கனில் ஒரு பகுதி, அறுக்கும்போது தூளாகிப் போகிறது! சரவாக்கின் சமலாஜுவில் தூய சிலிக்கன் ஆலை அமைந்ததற்கு அங்குக் கிடைக்கும் நீர்மின்சாரம் ஒரு முக்கியக் காரணம்.

1970களில் மாமாவின் வாதம் எடுபட்டிருக்கும். செலவழித்த ஆற்றலைத் தகடு ஈட்டப் பத்தாண்டுகளுக்கு மேலாகும் என்று அன்று கணக்கிட்டவர்கள் உண்டு. இன்று வில்லைகள் மெலிந்துவிட்டன. 1954இல் வெயிலில் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கிய சூரிய மின்கலம், இப்போது 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் மின்சாரம் தரும். எனவே, ஓரிரு ஆண்டுகளில் ஆற்றல் கடன் அடைந்துவிடும். தகடோ 25 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். அப்பா போட்ட ரிங்கிட் திரும்பிவர இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக ஆகும். அது வேறு கணக்கு. காப்பார் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரிக்கு இப்படிக் கடனை அடைக்கும் நாளே இல்லை. நாள்தோறும் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

மாமா ஒருவாறு இறங்கிவந்தார். ஆனால், பாட்டி நட்ட மாமரம் மேற்குக் கூரையில் நிழல் வீசியது. அதை வெட்டிவிடலாம் என்றார் தகடு பொருத்த வந்தவர். பாட்டி ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை எடுத்துப்போய் மரத்தடியில் அமர்ந்துகொண்டார்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே செல்வதால், கிழக்குக் கூரைக்கும் மேற்குக் கூரைக்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடில்லை. அதிலும், பிற்பகலில் அடிக்கடி மழைமேகம் திரளும் ஊரில் காலை வெயிலையே அதிகம் நம்பலாம். இதை நான் விளக்கியதும் அப்பா தகடுகளைக் கிழக்குப் பக்கம் ஏற்றச் சொன்னார்.

பாட்டி எழுந்து வந்து, ஊறுகாய்க்குக் கல்லுப்பு வாங்கிவரச் சொன்னார்.