ரெவெனு என்றால் வருமானம் மட்டுமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பிரெஞ்சு என்னைக் காலை வாரிவிட்ட கதை இது.

1983 இருக்கும். என் தம்பி போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். பழைய பிரெஞ்சு பெல்ட் பர்னஸ் ஒன்று அங்கே வந்து இறங்கியது. அதன் கையேட்டைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, தமிழ்ல எழுதிக் குடு" என்று வீட்டுக்கு வந்துவிட்டான்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். 'த்ராம்ப்' என்றால் முக்குவது, சரி. அடுத்து 'ரெவெனு' என்று வந்தது. ஆபீஸ் குமாஸ்தா புத்தி! 'வருமானம், 450 டிகிரி' என்று எழுதிவிட்டேன். போர்மேன் முதல் கம்பெனியே சிரித்ததாம்.

மறுநாள் தம்பி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். கம்பிவலை பெல்ட் ஒன்று மெதுவாக நகர்கிறது. அதன்மேல் போல்ட்டுகள் பரப்பப்பட்டு உள்ளே போகின்றன. 850 டிகிரிக்கு மேல் சூடு. காற்றுப் பட்டால் மேல்தோல் கெட்டுவிடும் என்று உள்ளே தனியாக ஒரு வாயு. எவ்வளவு நேரம் சூட்டில் இருக்க வேண்டும் என்பதை பெல்ட்டின் வேகம்தான் தீர்மானிக்கும். மறுமுனையில் செக்கச்செவேலென்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழும்.

"இப்ப இரும்பு கெட்டிதான், ஆனா அடிச்சா கண்ணாடி மாதிரி ஒடஞ்சிடும். அதான் இன்னொரு தடவ இளஞ்சூட்டுல பெல்ட்டுல அனுப்புறோம். கொஞ்சம் கெட்டி கொறயும், ஆனா தாங்கும். அதான் அண்ணே உன் வருமானம்!" என்றான்.

டெம்பரிங் என்பதற்குப் பிரெஞ்சில் அதே சொல்தான். எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பா இறந்தபோது தம்பிக்குப் பதினைந்து வயது. நான் படிப்பை முடிக்கவேண்டும் என்று அவன் பள்ளியை விட்டு லேத் பட்டறைக்குப் போனான். எனக்கு அரசாங்க வேலை கிடைக்கும்வரை வீட்டில் அடுப்பு எரிந்தது அவன் கூலியில். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன தை மாதம் தம்பி காலமாகிவிட்டான். காரியத்துக்கு வந்த பழைய தொழிலாளி ஒருவர், "வருமானம் 450 டிகிரின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க" என்றார்.

யோசித்தால், நான் எழுதியது முழுத் தப்பும் இல்லை. எங்கள் வீட்டின் முதல் வருமானம் சூட்டில் நின்ற அந்தப் பிள்ளையுடையதுதான். அதை அவனிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.