தண்ணீர் போகும் வழி

தேயிலைத் தோட்டத்தில் கான்வெட்டுக்கு, அதாவது வடிகால் வெட்டும் வேலைக்கு, பெரிய மதிப்பில்லை. கொழுந்துக்கு நிறைக் கணக்கு உண்டு, செடி நறுக்கும் கவ்வாத்துக்குக் கைநேர்த்தி என்று பெயர் உண்டு. கான் வெட்டுகிறவனை மழைக்காலத்தில் மட்டும் தேடுவார்கள். இலங்கையின் ஹட்டன் பக்கத்தில் அந்த வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளை நான். மண்சரிவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கானுக்குள் இறங்கி நின்று தெரிந்துகொண்டதுதான்.

மலைக்குக் குறுக்கே ஓடும் கானுக்கு 120 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுப்போம். வாட்டம் கூடினால் தண்ணீர் கானையே அரித்துவிடும். குறைந்தால் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். வெட்டும்போது மண்ணின் வயிறு தெரியும். மேலே கறுப்பு மண், அடியில் செம்மண், அதற்கும் கீழே உக்கிய பாறை. இந்த வரிசை இல்லாமல் கல்லும் மண்ணும் கலந்துகட்டிக் கிடந்தால், அது எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண். அப்படிப்பட்ட மண் பெரும்பாலும் மலை மடிப்பில், சற்றுச் சமமாகக் கிடக்கும். பக்கத்தில் ஊற்றும் இருக்கும். தொழிலாளர் வரிசை வீடான லயம் கட்டத் தோதான இடமென்று அந்தக்காலத் துரைமாருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

மண்துகள்களுக்கிடையே தண்ணீர் நிறைந்து, கீழே பாறை தடுத்து, வெளியேற வழியில்லாமல் போனால் அந்த அழுத்தம் மண்ணின் பிடியைத் தளர்த்திவிடும். பனிமலை நாடுகளில் வசந்தகாலப் பனிச்சரிவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். வெயிலில் உருகிய நீர் பனியடுக்குகளுக்குள் இறங்கி அவற்றின் பிடியை இளக்குகிறது. அங்கே மலையேறுகிறவர்கள் பனியில் குழி தோண்டி அடுக்கைப் பார்ப்பார்கள். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார்கள். நாங்கள் அந்தச் சரிவிலேயே குடியிருக்கிறோம்.

வட்டவளையில் 1990களில் ரயில் பாதையையே நகர்த்திய சரிவை அடக்க, மலைக்குள் துளையிட்டுத் தண்ணீரை வெளியேற்றினார்கள். பொறியியலாளர்களும் கடைசியில் கான்வெட்டுக்குத்தான் வந்தார்கள் என்று எங்கள் ஆட்கள் சிரித்தது உண்மை.

சுவரில் வெடிப்பு, சாயும் மரம், இறுகும் கதவு, கலங்கி வரும் பீலித் தண்ணீர் என்று அடையாளங்களை இப்போது பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். எனக்கு இவற்றைவிடப் பயம் தருவது வேறொன்று: மேல்கானில் தண்ணீர் நிறைந்து ஓடும், கீழ்க்கானுக்கு வந்து சேராது. இடையில் எங்கோ வெடிப்புக்குள் இறங்குகிறது. அப்போதே அந்த மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட வேண்டும்.

கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த இடம் அது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் கான் தூர்ந்துபோன மலைக்கும் கான் சுத்தமாயிருக்கும் மலைக்கும் 100 மில்லிமீட்டர் மழை ஒன்றல்ல. இன்று கொழுந்துக்கே ஆளில்லை என்கிறார்கள்; செலவைக் குறைக்கும்போது முதலில் கைவிடப்படுவது கான்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டியது எந்தக் கானும் தாங்கக்கூடிய மழையல்ல. அதற்காகச் சாதாரண மழைக்கும் கானைத் தூரவிடுவது என்ன நியாயம்?

இன்னொரு சங்கதி. மழை விட்டதும் சனம் ஒதுங்கியிருந்த பாடசாலையிலிருந்து லயத்துக்குத் திரும்பிவிடுகிறது. மேலே வெயில் அடித்தாலும் உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மழை ஓய்ந்த பிறகும் மலை சரியும். இது அவர்களுக்குத் தெரியாததல்ல. காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை; அதனால்தான் திரும்புகிறார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, போகலாம் என்று சொல்லும் வரையான நாட்களுக்கும் தோட்டம் பேர் போட வேண்டும், அரைப்பேர் அல்ல, முழுப்பேர்.